வாக்கியத்தோட கடைசியில ஒரு 'இன்'

(எபிசோடின் எழுத்து வடிவம். காதுக்குச் சரியாக இருந்து கண்ணுக்குத் தடுக்கிய சில இடங்களை மட்டும் சீர்படுத்தியிருக்கிறோம்.)



2024 பிப்ரவரியில மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரங்க இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்ட் போட்டாங்க. சின்ன விஷயம்தான். இங்கிலீஷ்ல ஒரு வாக்கியத்தை ப்ரெபோசிஷன்ல முடிக்கலாம், அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். கமென்ட்ல பெரிய சண்டை. "அப்பாடா, இப்பவாவது சொன்னீங்களே"ன்னு ஒரு கூட்டம், "எங்க டீச்சர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யா?"ன்னு இன்னொரு கூட்டம். நியூஸ் பேப்பர் வரைக்கும் போச்சு.

ஒரு குட்டி வார்த்தை வாக்கியத்துல எங்க உட்காரணும்கறதுக்கு இவ்வளவு கோபம் ஏன் வருது? அந்தக் கோபத்துக்கு வயசு முந்நூத்தைம்பது வருஷத்துக்கு மேல. அந்த வழக்கத்துக்கு வயசு ஆயிரத்துக்கும் மேல. இன்னிக்கு எபிசோடு அதைப் பத்திதான். கேட்டு முடிக்கும்போது, உங்க ஆபீஸ் மெயில்ல ஒரு வாக்கியத்தை அனுப்பலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ண முடியணும். அதுதான் என் நோக்கம்.

ஒரு வீடு, ரெண்டு வழி

முதல்ல விஷயம் என்னன்னு தெளிவா பார்த்துடலாம். இன், ஆன், டு, ஃபார், வித், ஃப்ரம்... இதெல்லாம் ப்ரெபோசிஷன். "நான் ஒரு வீட்டுல குடியிருக்கேன்", அதாவது "ஐ லிவ் இன் எ ஹவுஸ்". இதுல குழப்பம் இல்லை, 'இன்' வீட்டுக்கு முன்னாடி இருக்கு. இப்போ "நான் குடியிருக்குற வீடு"ன்னு சொல்லணும். ஒரு பெயர்ச்சொல்லைப் பத்தி மேல்விவரம் சொல்ற இந்த மாதிரித் துண்டுக்குத்தான் ரிலேட்டிவ் க்ளாஸ்னு பேர்.

இங்கிலீஷ்ல இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்". ப்ரெபோசிஷன் முன்னாடி வந்துடுச்சு. இன்னொண்ணு, "தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்". ப்ரெபோசிஷன் கடைசியில நிக்குது. 'தட்'டைக்கூட எடுத்துட்டு, "தி ஹவுஸ் ஐ லிவ் இன்"னும் சொல்லலாம்.

மொழியியல்ல ரெண்டுக்கும் பேர் வெச்சிருக்காங்க. கடைசியில தனியா நிக்கிறதுக்கு 'ஸ்ட்ராண்டிங்'. பஸ் போனப்புறம் ஸ்டாப்ல ஒருத்தர் மட்டும் நின்னுட்டிருப்பாரே, அந்த மாதிரி. முன்னாடி வர்றதுக்கு 'பைட் பைப்பிங்'. இந்தப் பேர் ஜான் ராபர்ட் ராஸ்ங்கற மொழியியலாளரோட 1967 ஆய்வேட்டுலேர்ந்து பரவினது. ஊதுகுழல் ஊதி ஊர் எலியையெல்லாம் பின்னாடியே கூட்டிட்டுப் போன ஒரு ஜெர்மன் நாட்டுக் கதை இருக்கு, கேட்டிருப்பீங்க. 'விச்' முன்னாடி போகும்போது 'இன்'னையும் கூடவே இழுத்துட்டுப் போகுது. அதனால அந்தப் பேர்.

ஞாபகத்துக்கு நான் எளிமையா 'முன்னாடி வழி', 'பின்னாடி வழி'ன்னே சொல்லிட்டு வர்றேன்.

பொதுவா நம்ம மனசுல என்ன இருக்கு? முன்னாடி வழிதான் ஒரிஜினல், சுத்தமானது. பின்னாடி வழி அப்புறமா பேச்சு வழக்குல கெட்டுப்போய் வந்ததுன்னு. வரலாறு அப்படிச் சொல்லலை.

பழைய இங்கிலீஷ்: ரெண்டு வார்த்தை, ரெண்டு சட்டம்

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷை இன்னிக்கு லண்டன்காரங்க கேட்டாலும் புரியாது. அதுல ரிலேட்டிவ் க்ளாஸ் ஆரம்பிக்க முக்கியமா ரெண்டு விதமான வார்த்தை இருந்தது.

ஒண்ணு 'தெ'. இது எதுக்கும் மாறாது. ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா, எந்த வேற்றுமை, எதுவும் கிடையாது. ரெண்டு துண்டை ஒட்டுற பசை மாதிரி. இன்னொண்ணு 'ஸெ'. இது "அந்த, அவன், அது"ன்னு பொருள் தர்ற சுட்டுச்சொல். இது ஆண், பெண், வேற்றுமைன்னு எல்லாத்துக்கும் உருவம் மாறும். நம்ம "அவன், அவனை, அவனுக்கு" மாதிரி.

இப்போ ப்ரெபோசிஷன் எங்க போகும்? 'ஸெ' குடும்பத்து வார்த்தையைப் போட்டா, ப்ரெபோசிஷன் அதுக்கு முன்னாடிதான் வரணும். 'தெ' போட்டா, முன்னாடி வரவே முடியாது, பின்னாடிதான் நிக்கணும். இன்னிக்கு வார்த்தையில ஒரு மாதிரி காட்டறேன்: "தி ஹவுஸ் தெ ஹி இன் லிவ்ட்". அப்போ இந்த மாதிரித் துண்டுல வினைச்சொல் பெரும்பாலும் கடைசிக்குப் போயிடும், அதனால ப்ரெபோசிஷன் வினைக்கு ஒட்டி முன்னாடி நிக்கும். ஆனா வீட்டை விட்டுப் பிரிஞ்சு தனியா நிக்கிறது அப்பவே இருக்கு.

கவனிங்க, இதுல மரியாதை, அந்தஸ்து, ஸ்டைல் எதுவுமே கிடையாது. எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறீங்களோ அதுவே ப்ரெபோசிஷனோட இடத்தையும் முடிவு பண்ணிடும். ரெண்டும் சுத்தமான இலக்கணம். பெரியவங்க எழுதின சமய நூல்கள்லயும் ரெண்டும் இருக்கு. ஆக, பின்னாடி வழி கெட்டுப்போனதால வந்தது இல்லை. இங்கிலீஷ் எழுத ஆரம்பிச்ச காலத்துலேர்ந்தே இருக்கு.

'தட்' வந்தது, 'விச்' வந்தது

1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கிறாங்க. அடுத்த சில நூற்றாண்டுகள்ல மொழி தலைகீழா மாறுது. எல்லாத்துக்கும் நார்மன்கள்தான் காரணம்னு சொல்ல முடியாது. வேற்றுமை உருபுகள் தேய ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே. எப்படியோ, உருவம் மாறுற 'ஸெ' குடும்பம் உடைஞ்சுபோச்சு. அதுல மிஞ்சினது முக்கியமா 'தி'யும் 'தட்'டும்தான்.

இந்த 'தட்' மெதுவா 'தெ' செஞ்சிட்டிருந்த வேலையை எடுத்துக்கிச்சு. வேலையை மட்டும் எடுத்துக்கல, கூடவே சட்டத்தையும் எடுத்துக்கிச்சு: ப்ரெபோசிஷன் எனக்கு முன்னாடி வரக்கூடாது.

நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. "தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்". வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. உறுத்துது இல்லையா? யாரும் உங்களுக்கு இதைத் தனியா சொல்லித்தந்திருக்க மாட்டாங்க, ஆனாலும் காது ஒத்துக்கல. "தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்"தான் சரி. அந்த உறுத்தலுக்குப் பின்னாடி ஆயிரம் வருஷத்து 'தெ' இருக்கு. அந்த வார்த்தை செத்துப்போயிடுச்சு, அதோட சட்டம் சாகலை.

அடுத்து, 'விச்', 'ஹூம்', 'ஹூஸ்'. இவங்க மூணு பேரும் கேள்விச் சொற்கள்: எது, யாரை, யாரோட. பன்னிரண்டாம், பதிமூணாம் நூற்றாண்டு வாக்குல இவங்களை ரிலேட்டிவ் க்ளாஸ்லயும் பயன்படுத்த ஆரம்பிக்கிறாங்க. எந்த இடத்துல முதல்ல நுழையறாங்க தெரியுமா? பெரும்பாலும் ப்ரெபோசிஷனுக்குப் பின்னாடி. 'தட்' நுழைய முடியாத இடம் காலியா இருந்தது. "இன் தட்" சொல்ல முடியாது, "இன் விச்" சொல்லலாம். காலி இடத்தைப் பிடிச்சுட்டாங்க. லத்தீன்லயும் ஃப்ரெஞ்சுலயும் ப்ரெபோசிஷன் முன்னாடிதான் வரும். அதுலேர்ந்து மொழிபெயர்க்கிறவங்களுக்கு 'இன் விச்' ரொம்ப வசதி. சாதாரண 'ஹூ' இந்த வேலைக்கு வந்தது ரொம்பப் பின்னாடி.

அப்புறம் ஒரு கலப்பு நடக்குது. 'விச்' போட்டும் ப்ரெபோசிஷனைப் பின்னாடி விட ஆரம்பிக்கிறாங்க: "தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்". இங்கதான் கதை திரும்புது. இதுவரைக்கும் வார்த்தை ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா இடம் தானா முடிவாயிடும். இப்போ ஒரே வார்த்தைக்கு ரெண்டு இடம். மொழியில ஒரே விஷயத்தைச் சொல்ல ரெண்டு வழி இருந்தா, சீக்கிரமே யாராவது ஒருத்தர் வந்து "இதுல எது உசத்தி?"ன்னு கேட்பாங்க.

நடுவுல ஒரு சுவாரஸ்யம். ரெண்டு வழியும் பக்கத்துல பக்கத்துல இருந்ததால, சிலர் ரெண்டையும் சேர்த்தே போட்டாங்க. "இன் விச் ஐ லிவ் இன்" மாதிரி. சாசர்கிட்டயும் இருக்கு, ஷேக்ஸ்பியர்கிட்டயும் இருக்கு. 1973-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் பட டைட்டில் பாட்டுல பால் மெக்கார்ட்னி 'இன்'னை ரெண்டு தடவை பாடறாரா இல்லையான்னு இன்னிக்கும் ரசிகர்கள் சண்டை போட்டுட்டிருக்காங்க.

செத்துப்போனவர் மேல ஒரு கேஸ்

இப்போ வில்லன் என்ட்ரி. வில்லன்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான்.

ஜான் ட்ரைடன். 1668-ல இங்கிலாந்தோட அரசவைக் கவிஞர் ஆனவர். 1672-ல ஒரு கட்டுரை எழுதறார். போன தலைமுறை நாடக ஆசிரியர்களை விட எங்க தலைமுறை இங்கிலீஷ் சுத்தமானதுன்னு நிரூபிக்கணும், அதான் நோக்கம். உதாரணத்துக்கு பென் ஜான்சனைப் பிடிக்கிறார். ஜான்சன் 1637-லயே செத்துப்போயிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. ஜான்சனோட 1611 நாடகம் 'கேட்டிலைன்'. அதுல பயத்துல உடம்பை விட்டு ஓடின உயிர்களைப் பத்தி ஒரு வரி வரும், அது 'ஃப்ரம்'ல முடியும். ட்ரைடன் அதைக் குறிச்சு, கடைசியில ப்ரெபோசிஷன், இவர் அடிக்கடி பண்ற தப்புன்னு எழுதறார். சமீபத்துல என் எழுத்துலயும் இதைக் கவனிச்சேன்னு அவரே சேர்த்துக்கறார்.

இதுல நான் ரசிக்கிற விஷயம் ஒண்ணு. ஜான்சனோட அந்த வரியில இருக்கிற வார்த்தை 'தட்'. இப்பதான் பார்த்தோம், 'தட்' இருந்தா ப்ரெபோசிஷன் பின்னாடிதான் நிக்க முடியும். "ஃப்ரம் தட்"னு ஜான்சன் எழுதியிருந்தா அதுதான் தப்பு. ஆக, வரலாற்றுலயே ரொம்பப் பிரபலமான இந்தக் குற்றச்சாட்டு, வேற வழியே இல்லாத ஒரு வாக்கியத்து மேல போட்ட கேஸ்.

ஏன் தப்புன்னு ட்ரைடன் அங்க விளக்கல. ஆனா 1679-ல இன்னொரு புத்தகத்தோட முன்னுரையில ஒண்ணு சொல்றார்: நான் எழுதற இங்கிலீஷ் சரியான்னு சந்தேகம் வந்தா, சில நேரம் அதை லத்தீன்ல மாத்திப் பார்ப்பேன்னு. லத்தீன்ல ப்ரெபோசிஷன் கடைசியில தனியா நிக்காது. அந்தப் பேரே லத்தீன்லேர்ந்து வந்தது, 'முன்னாடி வைக்கிறது'ன்னு அர்த்தம். முன்னாடி வைக்கிறதுன்னு பேர் வெச்சுட்டு பின்னாடி வெச்சா எப்படிங்கற மாதிரி ஒரு நினைப்பு அந்தக் காலத்துப் படிச்சவங்ககிட்ட இருந்திருக்கும்னு ஊகிக்கலாம்.

ட்ரைடன் சொன்னதைச் செஞ்சும் காட்டினார். 1668-ல வந்த தன்னோட நாடகக் கலைக் கட்டுரையை 1684-ல திருத்தி மறுபடி வெளியிட்டப்போ, கடைசியில நின்ன ப்ரெபோசிஷன்களைத் தேடித்தேடி முன்னாடி நகர்த்தினார். ஒரு பெரிய எழுத்தாளர் சரளமா எழுதினதை உட்கார்ந்து, ஒவ்வொண்ணா மாத்தறார். அந்தக் காட்சியை யோசிச்சுப் பாருங்க. நைட்டு பதினோரு மணிக்கு மெயிலை அனுப்பாம ஒரு வாக்கியத்தையே முறைச்சுப் பார்த்துட்டிருக்கிறவங்களுக்கு அவர்தான் முப்பாட்டன்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், இதை ஆரம்பிச்சு வெச்சவர் ட்ரைடன் மட்டும் இல்லை. 1646-ல ஜோஷுவா பூல் எழுதின ஒரு பள்ளிக்கூட இலக்கணத்துலயே இந்த மாதிரி ஒரு அறிவுரை இருக்கு. ஆனா பிரபலமானது ட்ரைடன்தான்.

பிஷப்பும் யார்க் நகரத்துப் பாடப் புத்தகமும்

அடுத்து பதினெட்டாம் நூற்றாண்டு. ஊர்ல வியாபாரம் பெருகுது, புதுசா காசு பார்த்த குடும்பங்கள் "எங்க பேச்சு மரியாதையா இருக்கணும்"னு நினைக்கிறாங்க. இலக்கணப் புத்தகங்களுக்குப் பெரிய கிராக்கி.

1762-ல ராபர்ட் லௌத் ஒரு குட்டி இலக்கணப் புத்தகம் எழுதறார். பாதிரியார், பின்னாடி லண்டன் பிஷப் ஆனவர். புத்தகத்தை எழுத ஆரம்பிச்சது தன் பையனுக்காக. "கடைசியில ப்ரெபோசிஷன் கூடாதுன்னு தடை போட்டவர் இவர்தான்"னு இன்னிக்கு நிறைய இடத்துல படிப்பீங்க. அவர் தடை போடவே இல்லை. நம்ம மொழி இந்தப் பழக்கத்துப் பக்கம் ரொம்பவே சாயுது, பேச்சுல இதுதான் அதிகம், இயல்பான எழுத்துக்கும் பொருந்தும். ஆனா முன்னாடி வெச்சா இன்னும் அழகு, இன்னும் தெளிவு, கம்பீரமான நடைக்கு அதுதான் ஒத்துவரும். இதுதான் அவர் சொன்னதோட சாரம். இதுல வேடிக்கை, மொழி சாயுதுன்னு அவர் எழுதின அந்தத் துண்டே 'டு'ல முடியுது! குறும்பா எழுதினாரா, கை தானா எழுதிடுச்சான்னு ரெண்டு விதமாவும் சொல்றவங்க இருக்காங்க.

1795-ல லிண்ட்லி மரே வர்றார். அமெரிக்காவுல பிறந்து, இங்கிலாந்துல யார்க் பக்கத்துல குடியேறினவர். அங்க இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக இலக்கணப் புத்தகம் தொகுக்கறார். லௌத் எழுதினதை நிறையவே எடுத்துப் போட்டுக்கிட்டார். இந்தக் குறிப்பையும் எடுத்தார். ஆனா அந்த 'டு'வை மட்டும் அப்படியே விட மனசு வரலை. முன்னாடி நகர்த்தி, 'டு விச்' ஆக்கிட்டார்.

முப்பத்து மூணு வருஷத்துல என்ன நடந்ததுன்னு இந்த ஒரு திருத்தத்துலயே தெரியும். லௌத்துக்கு இது ஸ்டைல் பத்தின ஒரு ரசனை, சிரிச்சுட்டே சொல்லலாம். மரேக்கு இது திருத்த வேண்டிய பிழை. மரேயோட புத்தகம் லட்சக்கணக்குல வித்துச்சு, பல தலைமுறைக்குப் பாடப் புத்தகமா இருந்தது. ரசனையா ஆரம்பிச்சது வகுப்பறையில சட்டமா உட்கார்ந்துடுச்சு.

அந்த நூற்றாண்டு எழுத்துல பின்னாடி வழி குறைஞ்சதுங்கறது உண்மை. ஆனா பேச்சுல? அதை யாராலயும் நகர்த்த முடியலை. அதனால ஒரு பிரிவினை வந்துடுச்சு. பழைய இங்கிலீஷ்ல எந்த வார்த்தைங்கறதை வெச்சு இடம் முடிவாச்சு. இப்போ எந்தச் சபைங்கறதை வெச்சு முடிவாகுது. முன்னாடி வழி கோட்டு சூட்டு போட்டுக்கிச்சு, பின்னாடி வழி வீட்டு உடையில இருந்துடுச்சு. ஆயிரம் வருஷத்துல நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

இருபதாம் நூற்றாண்டுல எச். டபிள்யூ. ஃபௌலர் வந்து, 1926-ல வெளியான தன்னோட பிரபல மொழிப் பயன்பாட்டு அகராதியில, இந்தத் தடை வெறும் மூடநம்பிக்கைன்னு அடிச்சுச் சொன்னார். அது நடந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சுதான் அந்த இன்ஸ்டாகிராம் சண்டை.

இந்த இடத்துல சர்ச்சில் ஜோக் ஒண்ணு சொல்வாங்க. யாரோ ஒரு அதிகாரி அவர் வாக்கியத்தைத் திருத்தினதும், கிண்டலா "அப் வித் விச் ஐ வில் நாட் புட்"னு எழுதினாராம். ஜோக் நல்லாத்தான் இருக்கு, ஆனா சர்ச்சில் சொன்னதுக்கு ஆதாரம் இல்லை. 1942-லயே இது அச்சுல வந்திருக்கு, அதுல சர்ச்சில் பேரே கிடையாது. தவிர, ஜோக்ல ஒரு சின்ன ஏமாத்து வேலையும் இருக்கு. 'புட் அப் வித்'ல இருக்கிற 'அப்' வினையோட ஒட்டின வார்த்தை, 'விச்'சோட அதுக்கு சம்பந்தம் இல்லை. எந்தக் கறாரான வாத்தியாரும் அதை முன்னாடி நகர்த்தச் சொல்ல மாட்டார். அபத்தமா தெரியணும்னே சேர்த்து நகர்த்தியிருக்காங்க.

நம்ம கையில இருக்கிற சிவப்புப் புத்தகம்

இந்தியாவுல இங்கிலீஷ் கத்துக்கிட்ட பல தலைமுறைகளுக்கு வேதம் ரென் அண்ட் மார்ட்டின். 1930-கள்ல வந்த புத்தகம். நிறைய பேர் "ரென் அண்ட் மார்ட்டின் படிச்சவங்க கடைசியில ப்ரெபோசிஷன் போட மாட்டாங்க"ன்னு நினைக்கிறாங்க. புத்தகத்தைத் திறந்து ப்ரெபோசிஷன் பாடத்தைப் பாருங்க. ரிலேட்டிவ் வார்த்தை மறைஞ்சிருந்தா ப்ரெபோசிஷன் பெரும்பாலும் கடைசியில வரும்னு இருக்கு. 'தட்' இருந்தா எப்பவுமே கடைசியிலதான்னும் இருக்கு. ட்ரைடன் கோட்டை விட்டதை இந்தப் புத்தகம் ஒரே வரியில சரியா சொல்லிடுச்சு. தடை புத்தகத்துல இல்லை, நம்ம பயத்துல இருக்கு.

அந்தப் பயம் நம்மளை எங்க கொண்டுபோய் விடுதுங்கறதுதான் உண்மையான பிரச்சினை. தமிழ்ல என்ன பண்றோம்னு பாருங்க. "வீட்டுல குடியிருக்கேன்", ஆனா "குடியிருக்குற வீடு". அந்த 'ல' எங்க? காணோம். "கத்தியால வெட்டினேன்", "வெட்டின கத்தி". 'ஆல' போச்சு. "அவர்கிட்ட பேசினேன்", "நான் பேசின ஆள்". 'கிட்ட' போச்சு. தமிழ் எச்சத்தொடர்ல உருபு முன்னாடியும் போகாது, பின்னாடியும் நிக்காது, மறைஞ்சே போயிடும். அர்த்தத்தை நாம சூழ்நிலையிலேர்ந்து எடுத்துக்கறோம். அது தமிழோட அழகு. உருபை விடாம சொல்லணும்னா அதுக்கும் நம்மகிட்ட வழி இருக்கு: "எந்த வீட்டுல குடியிருக்கேனோ, அந்த வீடு". இங்க 'ல' கேள்விச் சொல்லோட ஒட்டிக்கிட்டு முன்னாடி வருது, 'இன் விச்' மாதிரியே. ஆனா அன்றாடப் பேச்சுல நாம அதிகம் போறது மறைச்சுட்டுப் போற வழியிலதான்.

அந்தப் பழக்கத்தோட இங்கிலீஷ் எழுதும்போது, "தி ஹவுஸ் விச் ஐ லிவ்", "தி பெர்சன் ஐ ஸ்போக்", "தி ப்ராஜெக்ட் ஐ வொர்க்ட்"னு வந்துடுது. கூடவே கடைசியில வைக்கக்கூடாதுங்கற பயமும் சேர்ந்துக்குது. முன்னாடி வைக்க 'ஹூம்'மா 'விச்'சான்னு தயக்கம். கடைசியில என்ன ஆகுது, அந்தக் குட்டி வார்த்தையையே விட்டுடறோம். இங்கிலீஷ்ல ப்ரெபோசிஷனை முன்னாடி வைக்கலாம், பின்னாடி வைக்கலாம். தொலைச்சாதான் தப்பு. ஒரு இன்டர்வியூவுல "தி டீம் ஐ வொர்க்ட் வித்"னு சொல்றதுல ஒரு குறையும் இல்லை. அந்த 'வித்'தை விட்டா "தி டீம் ஐ வொர்க்ட்"னு நிக்கும், கேட்கிறவர் ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடியில அவர் உங்களைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துடலாம். உங்களுக்கு எவ்வளவு வேலை தெரியும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இதுல கோபம் வர்ற இடம் இதுதான். ஒரு கவிஞர் செத்துப்போன இன்னொரு கவிஞரை மட்டம் தட்டினது சுத்திச்சுத்தி வந்து, இன்னிக்கு சைதாப்பேட்டையிலேர்ந்து இன்டர்வியூக்குக் கிளம்பற ஒரு பொண்ணோட நாக்கைக் கட்டிப்போடுது.

எப்போ எது?

சரி, நடைமுறைக்கு வருவோம்.

பேசும்போது, சாட்ல, சாதாரண மெயில்ல: பின்னாடி வழி. "தி ஃபைல் யூ ஆர் லுக்கிங் ஃபார்". "ஃபார் விச்"னு சாட்ல எழுதினா, டீக்கடைக்குப் பட்டு வேட்டி கட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்.

ஆராய்ச்சிக் கட்டுரை, ஒப்பந்தம், அரசாங்கக் கடிதம்: முன்னாடி வழி இன்னும் அதிகம். வெறும் பந்தாவுக்காக மட்டும் இல்லை. நீளமான வாக்கியத்துல 'டு விச்'னு ஆரம்பத்துலயே வந்துட்டா, அடுத்து வர்றது என்ன உறவுன்னு படிக்கிறவருக்கு உடனே தெரியும். இருபது வார்த்தை தாண்டி ஒரு 'டு' வந்தா, எதுக்கு டுன்னு திரும்பிப் போய்த் தேடணும். லௌத் 'தெளிவு'ன்னு சொன்னதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்கு. 1783-ல ஹ்யூ ப்ளேர்ங்கற பேராசிரியர், வாக்கியத்தோட கடைசி இடம் கனமான இடம், அங்க உப்புக்குச் சப்பாணி வார்த்தையை வைக்காதீங்கன்னு சொன்னார். மேடைப் பேச்சு எழுதறவங்களுக்கு அதுவும் நல்ல யோசனைதான்.

சில இடத்துல தேர்வே கிடையாது. 'ட்யூரிங் விச்', 'தி எக்ஸ்டென்ட் டு விச்', 'சம் ஆஃப் ஹூம்'... இதெல்லாம் முன்னாடிதான். "தி மீட்டிங் விச் ஐ ஸ்லெப்ட் ட்யூரிங்"னா யாருக்கும் பிடிக்காது. அதே மாதிரி "வாட் ஐ ஆம் லுக்கிங் ஃபார்"ல பின்னாடிதான். 'தட்' இருந்தாலும், ரிலேட்டிவ் வார்த்தையே இல்லாட்டியும், பின்னாடிதான்.

'வேர்' போட்டா ப்ரெபோசிஷனே வேண்டாம். "தி ஹவுஸ் வேர் ஐ லிவ்", முடிஞ்சது. 'இன்'னை ரெண்டு தடவை போடாதீங்க. சாசர் போட்டிருக்கலாம், உங்க மேனேஜர் சாசர் படிச்சிருக்க மாட்டார்.

'ஹூம்' வேண்டாம்னு தோணினா, 'டு ஹூ'ன்னு பாதி வழியில நிக்காதீங்க. ஒண்ணு "டு ஹூம் ஐ ஸ்போக்", இல்லை "ஐ ஸ்போக் டு". ரெண்டாவதுதான் சுலபம்.

கடைசியா, யாராவது உங்க வாக்கியத்தோட கடைசி வார்த்தையில சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினா, சண்டை போட வேண்டாம். 'தட்'டை எடுத்துட்டு 'இன் விச்' போட்டுக் கொடுத்துடுங்க, அவர் சபை அது. ஆனா அதுக்காக உங்க இங்கிலீஷ் மட்டம்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. நீங்க எழுதினது அந்தச் சிவப்புப் பேனாவை விடப் பல நூறு வருஷம் பழைய இலக்கணம்.

இந்த எபிசோடைக் கேட்டுட்டு உங்க மனசுல வந்த நண்பர் ஒருத்தர் இருப்பார், இல்லையா? அவருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.